கப்பலும் காசும்: கொழும்புத் துறைமுகம் சொல்லும் கதை

சித்திரை வருடப் பிறப்பன்று எங்கட வீடுகளில் கைவிசேடம் கொடுப்பது வழக்கம். வெற்றிலையில் நெல்லும் பூவும் காசும் வைத்துப் பெரியவர்கள் கொடுக்க, சிறியவர்கள் கும்பிட்டு வாங்குவார்கள். ஊரை விட்டு வந்த பின்பும் இந்த வழக்கத்தைக் கைவிடாதவர்கள் கனபேர். நெல்லுக்குப் பதிலாகக் கடையில் வாங்கிய அரிசியும், ரூபாய்க்குப் பதிலாக இந்த நாட்டுக் காசும் வெற்றிலையில் இருக்கும். அவ்வளவுதான் வித்தியாசம்.

"இந்தக் காசு இலங்கையிலை செல்லுமோ?" எண்டு பிள்ளைகள் கேட்பதுண்டு. நல்ல கேள்வி. ஒரு காசு ஓரிடத்தில் செல்லும், இன்னோரிடத்தில் செல்லாது. இன்றைக்குச் செல்லும், நாளைக்குச் செல்லாது. இதைத் தீர்மானிப்பது யார்? அது செல்லாமற் போகும்போது நட்டம் யார் தலையில் விழுகிறது? எங்கள் தீவின் பழைய துறைமுகங்களின் வரலாற்றைப் பார்த்தால் இந்தக் கேள்விக்கு விடை கிடைக்கும். அங்கே காசும் கப்பலும் ஒன்றையொன்று விட்டுப் பிரிந்ததில்லை. கப்பல் ஒழுங்காக வந்துபோகும் வரைக்கும் காசைப் பற்றி ஒருவரும் யோசிப்பதில்லை. கப்பல் வராத காலத்தில்தான் காசு யாருடைய வாக்கு என்பது தெரியவரும்.

ஒல்லாந்தரின் தாட்காசு

யாழ்ப்பாணத்தை ஆண்ட ஆரியச்சக்கரவர்த்திகள் 'சேது' என்ற தமிழ் எழுத்துப் பொறித்த காசுகளை வெளியிட்டார்கள் என்பது நாங்கள் அறிந்ததே. அதன்பின் போர்த்துக்கேயரும், 1658இல் ஒல்லாந்தரும் யாழ்ப்பாணத்தைப் பிடித்தார்கள். ஒல்லாந்தர் எங்கட பேச்சிலேயே தங்கள் அடையாளத்தை விட்டுப் போயிருக்கிறார்கள். 'கந்தோர்' என்பது அவர்களுடைய சொல். 'துட்டு' என்பதும் அவர்களுடைய 'டொயிட்' என்ற செப்புக்காசின் பெயரிலிருந்து வந்தது என்பர்.

ஒல்லாந்தர் காலத்துக் கணக்கு இப்படி: 4 ஸ்ரைவர் ஒரு பணம், 12 பணம் ஒரு இறைசால். ஸ்ரைவர் என்பது கையில் பிடிக்கக்கூடிய செப்புக்காசு. இறைசாலோ பெரும்பாலும் கணக்குப் புத்தகத்தில் மட்டுமே இருந்தது. காணி உறுதிகளிலும் சீதன எழுத்துகளிலும் 'இத்தனை இறைசால்' என்று எழுதுவார்கள். கொடுக்கும்போது செப்பாகவோ, இந்தியாவிலிருந்து வந்த பொன் வெள்ளி நாணயங்களாகவோ கொடுப்பார்கள்.

ஒல்லாந்தக் கம்பனி ஒரு வியாபாரக் கம்பனி. கறுவாவையும் யானையையும் சங்கையும் கப்பலேற்றுவது அதன் தொழில். சம்பளம் கொடுக்கவும் சாமான் வாங்கவும் வேண்டிய உலோகத்தைக் கப்பல்தான் கொண்டுவர வேண்டும். 1780இல் ஒல்லாந்துக்கும் இங்கிலாந்துக்கும் போர் மூண்டது. கடலில் ஒல்லாந்தக் கப்பல்கள் பிடிபட்டன. 1782இல் திருகோணமலை முதலில் ஆங்கிலேயர் கைக்கும், அதே ஆண்டில் பிரெஞ்சுக்காரர் கைக்கும் மாறியது. போர் 1784இல் முடிந்தபோது கம்பனி கடனில் மூழ்கியிருந்தது. கொழும்புக் கோட்டையில் காசுத் தட்டுப்பாடு. அதனால் 1785இல் கொழும்பிலிருந்த ஒல்லாந்த அரசாங்கம் இறைசால் பெறுமதி எழுதிய கடன் தாள்களை வெளியிட்டது. இலங்கையில் அரசாங்கம் வெளியிட்ட முதல் தாட்காசு இதுதான். கப்பல் கொண்டுவராத காசைக் காகிதத்தில் எழுதிக் கொடுத்தார்கள்.

பதினொரு ஆண்டுகளில், 1796 பெப்ரவரியில், கொழும்பு ஆங்கிலேயரிடம் சரணடைந்தது. இப்போது அந்தத் தாள்களை வைத்திருந்தவனின் கதி என்ன? சரணடைந்த உடன்படிக்கையிலேயே இதைப் பற்றிப் பேசவேண்டி வந்தது. 50,000 பவுண் வரைக்குமான ஒல்லாந்தத் தாள்களுக்கு ஆங்கிலேயர் பொறுப்பேற்றார்கள். கோட்டையில் கொடி மாறும்போது, பெட்டிக்குள் இருக்கும் தாளின் விலையும் மாறலாம் என்பதைக் கொழும்பு வாசிகள் அன்று கண்டுகொண்டார்கள்.

இறைசாலிலிருந்து ரூபாய்க்கு

ஆங்கிலேயரும் முதலில் இறைசாலையே வைத்துக்கொண்டார்கள். யானை பொறித்த செப்புக்காசுகளை அடித்தார்கள். 1821இல் ஒரு பக்கம் அரசன் தலையும் மறுபக்கம் யானையுமாக வெள்ளி இறைசாலும் வந்தது. ஆனால் செலவு வரவை மிஞ்ச, அரசாங்கம் தாள்களையும் அச்சிட்டுத் தள்ளியது. தொடக்கத்தில் ஏறத்தாழ 2 சில்லிங் பெறுமதியாக இருந்த இறைசால் இறங்கிக்கொண்டே வந்தது. 1825இல் ஆங்கில ஸ்ரேலிங் நாணயமே இனிக் கணக்கு என்றும், ஒரு இறைசாலுக்கு 1 சில்லிங் 6 பென்ஸ் என்றும் தீர்த்துவிட்டார்கள். பழைய பெறுமதியை நம்பிக் கடன் கொடுத்தவனுக்கும், மாதச் சம்பளக்காரனுக்கும் காற்பங்கு போனது போனதுதான்.

இலண்டனில் கணக்கை மாற்றினாலும் கடலை மாற்ற முடியாது. இலங்கைக்கு அரிசியும் துணியும் ஆட்களும் வந்தது இந்தியாவிலிருந்து. ஆகவே சந்தையில் ஓடியது இந்திய வெள்ளி ரூபாய். 1836இல் அந்த ரூபாயை 2 சில்லிங்குக்குச் சமமாக ஏற்பதென்று பிரகடனம் செய்தார்கள். ரூபாயில் இருந்த வெள்ளியின் உண்மைப் பெறுமதி 2 சில்லிங்கிலும் சற்றுக் குறைவு. வியாபாரிக்கு இது போதாதா? ரூபாயைக் கொண்டுவந்து கொடுத்து, ஆங்கில நாணயத்தை வாங்கிக் கப்பலேற்றினார்கள். ஆங்கில வெள்ளி தீவை விட்டுப் போக, ரூபாய் வந்து குடியேறியது.

கடைசியில் அரசாங்கமும் வழிக்கு வந்தது. 1869இல் ரூபாயே சட்டபூர்வமான நாணயமாயிற்று. 1872 ஜனவரி முதலாந் திகதி தொடக்கம் ஒரு ரூபாய்க்கு 100 சதம் என்ற கணக்கு நடைமுறைக்கு வந்தது. இந்தியாவில் 16 அணாக் கணக்கு 1957 வரை இருந்தது. ஆகையால் தூத்துக்குடிக்கும் யாழ்ப்பாணத்துக்கும் தோணி ஓட்டிய எங்கட வியாபாரி, ஒரே வெள்ளி ரூபாயை அந்தக் கரையில் அணாவாகவும் இந்தக் கரையில் சதமாகவும் எண்ணினான். நாங்கள் 'ஐஞ்சு சதத்துக்கும் உதவாது' என்று பேசுவது அந்த 1872இன் எச்சம்தான். 1870ஆம் ஆண்டு பொறித்த செப்புச் சதக் காசுகளில் நடுவில் ஒரு மரமும், சிங்களத்திலும் தமிழிலும் பெறுமதியும் இருக்கும். யாழ்ப்பாணத்தாரின் கண்ணுக்கு அந்த மரம் பனையாகத்தான் தெரியும்.

காலி விழுந்தது, கொழும்பு எழுந்தது

இந்தக் காசுகள் வந்திறங்கிய துறைமுகங்களையும் பார்க்க வேண்டும். 1842 முதல் பீ அன்ட் ஓ கம்பனியின் நீராவிக் கப்பல்கள் கல்கத்தாவுக்கும் சூயெசுக்கும் இடையே காலியில் தங்கிக் கரி ஏற்றின. ஐரோப்பியத் தபாலும் இலண்டன் விலை நிலவரமும் முதலில் காலிக்குத்தான் வரும். 1850களில், தந்தி வரும் வரைக்கும், கொழும்பிலிருந்த 'ஒப்சேவர்' பத்திரிகை காலியிலிருந்து புறாக்களின் காலில் செய்தி கட்டிப் பறக்க விட்டது. கோப்பி விலை ஏறியதோ இறங்கியதோ என்பதை ஒரு நாள் முந்தி அறிந்தவனுக்கு அது பெரிய இலாபம். புறா கொண்டுவந்ததும் ஒருவகைக் காசுதான்.

ஆனால் காலித் துறைமுகத்தில் பாறைகள் அதிகம். கொழும்பிலோ தென்மேற்குப் பருவக்காற்றின்போது கப்பல்கள் திறந்த கடலில் ஆட, பாதைப் படகுகளில் சாமானை ஏற்றியிறக்க வேண்டும். 1869இல் சூயெஸ் கால்வாய் திறந்தவுடன் நிலைமை மாறியது. கிழக்கே போகும் பெரிய நீராவிக் கப்பல்களெல்லாம் இந்த வழியாலே வரத்தொடங்கின. 1875 டிசெம்பரில் வேல்ஸ் இளவரசர் கொழும்பு அலைதடுப்பு அணைக்கு அடிக்கல் நாட்டினார். 1882இல் பீ அன்ட் ஓ காலியை விட்டுக் கொழும்புக்கு மாறியது. 1885இல் அணை வேலை முடிந்தது. பத்து வருடத்துக்குள் ஒரு துறைமுகம் வாடி, இன்னொன்று செழித்தது. அந்தப் புதிய துறைமுகத்தில் கரி சுமந்தவர்களிலும் மூட்டை தூக்கியவர்களிலும் கனபேர் தென்னிந்தியாவிலிருந்து வந்தவர்கள்.

கோப்பி எப்படிக் காசானது?

மலைநாட்டுக் கோப்பிதான் இந்தக் காலத்தில் கப்பலையும் காசையும் கட்டி வைத்தது. 1870ஆம் ஆண்டளவில் வருடத்துக்கு ஏறத்தாழப் பத்து லட்சம் அந்தர் கோப்பி ஏற்றுமதியானது. இது எப்படிக் காசாக மாறியது என்பதை விளக்கினால்தான் பின்னால் நடந்த அனர்த்தம் விளங்கும்.

துரை கண்டியிலிருந்து கொழும்புக்குக் கோப்பியை அனுப்புவார். கொழும்பில் ஆலையில் காயவைத்து, குற்றி, பொறுக்கி, பீப்பாயில் அடைத்துக் கப்பலேற்றுவார்கள். கப்பல்காரன் 'சரக்கு ஏற்றினேன்' என்று ஒரு சீட்டுக் கொடுப்பான். அந்தச் சீட்டோடு, இலண்டனிலுள்ள வியாபாரி இத்தனை மாதத்தில் இத்தனை பவுண் கொடுப்பான் என்று எழுதிய மாற்றுண்டியலையும் சேர்த்துக் கொழும்பு வங்கியில் நீட்டினால், வங்கி தன் வட்டியைக் கழித்துக்கொண்டு உடனே ரூபாய் கொடுக்கும். கோப்பி இன்னும் கடலில் போய்க்கொண்டிருக்கும். காசு மலைக்குப் போய்விடும். அடுத்த வருட அறுவடைக்கும் இப்போதே கடன் கொடுப்பார்கள். இன்னும் பூக்காத பூவை நம்பி, இன்னும் புறப்படாத கப்பலை நம்பி எழுதிய தாள்கள் அவை.

கீழ்மட்டத்தில் இந்தக் கடனை நடத்தியவர்கள் நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள். கொழும்புச் செட்டியார் தெருவில் அவர்களின் கிட்டங்கிகள் இருந்தன. வெள்ளைக்கார வங்கி சுதேசிக்கு நேரே கடன் கொடுக்காது. வங்கியிடம் செட்டியார் வாங்கி, கடைக்காரனுக்கும் கமக்காரனுக்கும் கொடுப்பார். அரிசி வியாபாரத்துக்கும் அவர்களே காசு போட்டார்கள். கொழும்பில் எழுதிய அவர்களின் உண்டியல், கடலுக்கு அப்பால் தமிழ்நாட்டில் காசாகும். இன்றைக்குப் புலம்பெயர்ந்த நாடுகளில் 'உண்டியலில் அனுப்பினேன்' என்று நாங்கள் சொல்லும்போது, அந்தச் செட்டியார் தெருச் சொல்லைத்தான் சொல்கிறோம்.

1884 மே 3

1869இல் கோப்பி இலையின் அடியில் மஞ்சள் தூள் போல ஒரு பூஞ்சண நோய் கண்டது. முதலில் ஒருவரும் பெரிதாக எடுக்கவில்லை. கோப்பி விலை நன்றாக இருந்தபடியால் விளைச்சல் குறைந்தாலும் காசு வந்தது. வங்கிகளும் கடன் கொடுத்துக்கொண்டே இருந்தன. 1880களில் விலையும் விழுந்தது, விளைச்சலும் விழுந்தது. 1890ஆம் ஆண்டளவில் ஏற்றுமதி பழையதில் பத்திலொரு பங்களவுக்கு வந்துவிட்டது.

இலங்கையில் அன்று தாட்காசு வெளியிட்டது அரசாங்கமல்ல, தனியார் வங்கிகள். அவற்றுள் பெரியது ஓரியன்டல் பாங்க் கோப்பரேசன். பம்பாயில் தொடங்கி, இலங்கையில் இருந்த வங்கியொன்றையும் விழுங்கி, 1851இல் அரச சாசனம் பெற்ற வங்கி அது. கோப்பித் தோட்டங்களுக்குக் கொடுத்த கடனும் அதன் தலையில் பாரமாக இருந்தது. 1884 மே 3ஆந் திகதி, ஒரு சனிக்கிழமை, அந்த வங்கி கதவைச் சாத்தியது.

கையில் வங்கித் தாள் வைத்திருந்தவர்களின் நிலையை எண்ணிப் பாருங்கள். வெள்ளிக்கிழமை கடையில் செல்லுபடியான தாள் அடுத்த வாரம் செல்லுமா? அப்போது தேசாதிபதியாக இருந்த சேர் ஆதர் கோர்டன், அந்த வங்கியின் தாள்களுக்கு அரசாங்கமே பொறுப்பு என்று அறிவித்தார். தீ பரவமுன் அணைத்த செயல் அது. ஆனால் வங்கியில் காசு வைப்பிலிட்டவர்களுக்கு அந்தப் பொறுப்பு இல்லை. அவர்கள் காத்திருக்க வேண்டியதாயிற்று. 'புதிய ஓரியன்டல் வங்கி' என்று அதே பெயரில் திரும்பத் தொடங்கியதும் 1892இல் விழுந்தது.

வங்கி விழுந்த 1884ஆம் ஆண்டே தாட்காசுக் கட்டளைச் சட்டம் வந்தது. 1885 முதல் இலங்கை அரசாங்கத்தின் நோட்டுகள் புழங்கத் தொடங்கின. தனியார் வங்கியின் வாக்குப் போய், அரசாங்கத்தின் வாக்கு வந்தது. வெளியிட்ட தாளுக்கு ஈடாக ஒரு பகுதியை வெள்ளி நாணயமாகப் பெட்டியில் வைக்க வேண்டும், மிகுதியைப் பிணைகளில் இடலாம் என்பது விதி. 1950இல் மத்திய வங்கி தொடங்கும் வரை ஏறத்தாழ இந்த முறைதான். எங்கட அப்பு ஆச்சி மார் சீலைத் தலைப்பிலும் தலையணைக்குள்ளும் ஒளித்துவைத்த நோட்டுகளின் பிறப்பு இப்படித்தான்.

கூலிக்காரன் மடியில் இருந்த வெள்ளி

ஆனால் 1885இல் வந்த மிகச் சிறிய நோட்டே 5 ரூபாய். தோட்டத்தில் ஆண் தொழிலாளிக்கு நாட்கூலி 33 சதம். 5 ரூபாயென்றால் பதினைந்து நாள் வேலை! அந்தத் தாளைத் தொழிலாளி தொட்டது அபூர்வம். ஒரு ரூபாய் நோட்டு வந்தது 1917இல், முதலாம் உலகப்போரில் வெள்ளி கிடைக்காத காலத்தில்தான்.

அவனுடைய காசு வெள்ளி ரூபாய். இராமநாதபுரம், புதுக்கோட்டை, திருச்சிராப்பள்ளிப் பக்கங்களிலிருந்து வந்த ஏழைகள் தோணியில் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளைக்கு நடந்தார்கள். வாந்திபேதியிலும் பசியிலும் வழியில் செத்தவர்கள் ஏராளம். கோப்பிக்காலம் முடிய, மிஞ்சிய சில வெள்ளிகளை மடியில் முடிந்துகொண்டு அதே வழியால் திரும்பினார்கள். ஒவ்வொரு வருடமும் அறுவடைக்கு முன் கொழும்புக்குப் பெட்டி பெட்டியாக வெள்ளி வந்தது. ஒரு பகுதி அரிசி விலையாகவும், ஒரு பகுதி இந்த மடி முடிச்சுகளாகவும் திரும்ப இந்தியாவுக்குப் போனது. காசின் சுற்றோட்டம் என்று பொருளாதாரப் புத்தகத்தில் எழுதுவார்கள். இங்கே அது கால்நடையாக நடந்தது.

அந்தக் கூலியும் மாதா மாதம் கைக்கு வராது. அரிசிக்கும் கம்பளிக்கும் கங்காணியின் முற்பணத்துக்கும் கழித்து, மாதக்கணக்கில் பிந்தித்தான் வரும். துரை முறிந்து தோட்டம் ஏலத்துக்கு வந்தால் கூலி அம்போ. கோப்பி விழுந்த காலத்தில் இப்படி ஏமாந்தவர்கள் அதிகம். 1889இல் வந்த சட்டம், ஒரு மாதக் கூலியை அந்த மாதம் முடிந்து 60 நாளுக்குள் கொடுக்க வேண்டும் என்றது. அறுபது நாள் தவணை கொடுத்ததே பெரிய முன்னேற்றமாகக் கருதப்பட்டதென்றால், முன்னைய நிலைமை எப்படியிருந்திருக்கும்! வங்கித் தாளுக்கு ஓரிரு நாளில் பொறுப்பேற்ற அதே ஆட்சிதான் இது.

இன்னொரு பக்கமும் உண்டு. 1870களிலிருந்து உலகில் வெள்ளியின் விலை விழுந்தது. முன்பு ஒரு பவுணுக்கு ஏறத்தாழ 10 ரூபாய். 1890களின் நடுவில் 17, 18 ரூபாய் வரை போனது. இந்தியாவின் நாணயசாலைகள் 1893இல் பொதுமக்களின் வெள்ளிக்கு மூடப்பட்ட பின், நூற்றாண்டு முடிவில் 15 ரூபாயில் நிலைத்தது. இதற்கிடையில் கோப்பியின் இடத்தைத் தேயிலை பிடித்துவிட்டது. 1873இல் 23 இறாத்தலோடு தொடங்கிய ஏற்றுமதி அது. தேயிலையை இலண்டனில் பவுணுக்கு விற்றார்கள். கூலியை ரூபாயில் கொடுத்தார்கள். பவுணுக்குக் கூட ரூபாய் கிடைக்கக் கிடைக்கத் துரைக்குக் கொண்டாட்டம். நாட்கூலியோ அதே 33 சதம். இங்கிலாந்திலிருந்த மனைவி பிள்ளைகளுக்குக் காசு அனுப்பிய வெள்ளை உத்தியோகத்தர்கள் மட்டும் 'எங்கள் சம்பளம் கரைகிறது' என்று அழுதார்கள். அவர்களின் முறைப்பாட்டுக்கு மனுவும் அறிக்கையும் இருந்தன. தோட்டத்து லயத்தில் இருந்தவனுக்கு மனு எழுத ஆளில்லை.

1901 அளவில் 'தகரத் துண்டு' முறை வந்தது. வரும் தொழிலாளிக்குத் தோட்டத்தின் இலக்கமும் அவனுடைய இலக்கமும் பொறித்த ஒரு தகர வில்லை. அதைக் காட்டினால் கப்பலிலும் ரயிலிலும் ஏற்றித் தோட்டத்துக்குச் சேர்ப்பார்கள்; செலவு தோட்டத்தின் கணக்கில் எழுதப்படும், பின்னர் அது தொழிலாளியின் கடனாகும். வட்டமாய், இலக்கம் பொறித்து, பார்வைக்குக் காசு போலவே இருந்தது. ஆனால் அதைக் கொடுத்து ஒன்றும் வாங்க முடியாது. அது இவனை வாங்கியதற்கான அடையாளம். இதைப்போலவே ஒரு தோட்டத்திலிருந்து மற்றத் தோட்டத்துக்கு மாறக் கடன் தொகை எழுதிய 'துண்டு' தேவைப்பட்டது. அந்தத் துண்டு முறை 1921இல்தான் ஒழிந்தது.

1914இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பல் ஓடத் தொடங்கியது. வரும் தொழிலாளர்களை மண்டபம் முகாமில் தடுத்துவைத்து, நோய் பார்த்து, பிறகு அனுப்பினார்கள். 1964ஆம் ஆண்டு சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தின் கீழ் அவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அதே கடல்வழியே 'தாயகம்' என்று சொல்லப்பட்ட, தாங்கள் காணாத நாட்டுக்கு ஏற்றப்பட்டார்கள். 1983க்குப் பின் எங்கட சனம் வள்ளத்தில் இராமேஸ்வரத்தில் இறங்கியபோது, அகதிகளைப் பதிந்த இடமும் அதே மண்டபம் முகாம்தான். ஒரே சுவர்கள். வந்தவர்களின் திசைதான் வேறு.

யாழ்ப்பாணத்துக் கப்பலும் மணியோடரும்

வடக்கின் கதை கொஞ்சம் வேறு. இங்கே கப்பல் சொந்தமாக இருந்தது. வல்வெட்டித்துறை, ஊர்காவற்றுறை, பருத்தித்துறைக் கப்பல்கள் திருவிதாங்கூருக்குப் புகையிலை கொண்டுபோயின. பர்மாவிலிருந்து அரிசியும் தேக்கும், மலையாளக் கரையிலிருந்து ஓடும் கொண்டுவந்தன. வல்வெட்டித்துறையில் கட்டிய 'அன்னபூரணி' என்ற பாய்க்கப்பல் 1938இல் அமெரிக்காவின் குளோஸ்ரர் துறைமுகத்தை அடைந்தது எங்கட கடலோடிகளின் திறமைக்குச் சாட்சி. புகையிலை விற்ற காசு வெள்ளி ரூபாயாக யாழ்ப்பாணத்துக்கு வந்து கல்வீடாகவும் பள்ளிக்கூடமாகவும் மாறியது. 'லேடி ஹவ்லொக்', 'லேடி கோர்டன்' போன்ற நீராவிக் கப்பல்கள் தீவைச் சுற்றி ஓடியதும், 1905இல் கொழும்பு வரைக்கும் முழுப் புகையிரதப் பாதை திறந்ததும் கரையோரப் பாய்க்கப்பலின் வேலையைக் குறைத்தன.

பிறகு யாழ்ப்பாணம் பொருளுக்குப் பதிலாகப் படித்த பெடியளைக் கப்பலேற்றத் தொடங்கியது. மலாயாவின் ரயில்வேயிலும் கந்தோர்களிலும் எங்கட ஆட்கள் கிளாக்கர்மாரானார்கள். அங்கிருந்து மாதா மாதம் மணியோடர் வரும். 1906இல் மலாய் நாட்டு டொலரை 2 சில்லிங் 4 பென்ஸ் என்று நிலைப்படுத்தினார்கள். எங்கட ரூபாய் 1 சில்லிங் 4 பென்ஸ். ஆக, அங்கே ஒரு டொலர் அனுப்பினால் இங்கே ஒரு ரூபாய் 75 சதம். தங்கைக்குச் சீதனம், தம்பிக்குப் படிப்பு, கோயிலுக்கு மணி என்று எல்லாம் இந்தக் கணக்கில் ஓடியது. தபாற்காரன் சைக்கிள் மணிச் சத்தத்துக்குக் காத்திருந்த ஊர்கள் எத்தனை!

1942 பெப்ரவரியில் சிங்கப்பூர் யப்பானியரிடம் விழுந்தது. கப்பல் நின்றது. கடிதம் நின்றது. மணியோடர் நின்றது. மூன்றரை வருடம் மகன் உயிரோடு இருக்கிறானா என்றே தெரியாமல் தாய்மார் இருந்தார்கள். அங்கே யப்பானியர் வாழைமரம் போட்ட நோட்டுகளை அளவில்லாமல் அச்சடித்தார்கள். ஒரு மூட்டை நோட்டுக்கு ஒரு மூட்டை அரிசி வாங்க முடியாத நிலை. 1945 செப்ரெம்பரில் ஆங்கிலேயர் திரும்பி வந்ததும் அந்த வாழைமரக் காசு செல்லாது என்று அறிவித்தார்கள். மூன்றரை வருட உழைப்பு ஒரே நாளில் வெறும் கடதாசி. 1796இல் ஒல்லாந்தத் தாளுக்காவது ஒரு பேரம் நடந்தது. இதற்கு அதுவும் இல்லை.

எங்களுக்கு என்ன பாடம்?

1785, 1825, 1884, 1945 என்ற நான்கு ஆண்டுகளையும் சேர்த்துப் பாருங்கள். நாலு தடவையும் காசின் பின்னால் இருந்த வாக்கு ஆட்டம் கண்டது. நாலு தடவையும் யாரைக் காப்பாற்றுவது என்பதை ஆட்சியில் இருந்தவர்கள் தீர்மானித்தார்கள். வங்கித் தாள் வைத்திருந்தவனைக் காப்பாற்றிய ஆட்சி, கூலி நிலுவையில் இருந்தவனை அறுபது நாள் பொறு என்றது. சட்டமும் வங்கியும் தங்களுக்கு உதவாதென்று கண்ட சனங்கள் தங்களுக்குள்ளே நம்பிக்கையைக் கட்டிக்கொண்டார்கள். செட்டியாரின் உண்டியலும், கடலோடிகளின் வாய்ப்பேச்சு ஒப்பந்தமும், எங்கட சனம் பிடிக்கும் சீட்டும் அப்படிப் பிறந்தவைதான். சீட்டில் சில பேர் கம்பி நீட்டியதும் உண்டு. அதையும் மறைக்க வேண்டியதில்லை. ஆனால் வந்த புதிதில் எந்த வங்கியும் எங்களை ஏறெடுத்துப் பார்க்காத நாளில், ஏஜென்சிக் கடனை அடைத்ததும் அண்ணனைக் கூப்பிட்டதும் அந்தச் சீட்டுக் காசில்தான்.

இந்த வரலாற்றின் பெரிய பகுதி இலண்டன், கொழும்பு ஆவணக்காப்பகங்களில் தேசாதிபதிகளின் கடிதங்களாக இருக்கிறது. வங்கி விழுந்த திகதி அதில் உண்டு. மடியில் முடிந்த வெள்ளியை வழியில் பறிகொடுத்தவனின் பெயர் அதில் இல்லை. அந்தப் பாதிக் கதை இருப்பது எங்கட பெட்டிகளுக்குள்ளே. மலாயாவிலிருந்து வந்த மணியோடர்த் துண்டு, இறைசாலில் எழுதிய பழைய உறுதி, தாத்தா வைத்திருந்த வாழைமர நோட்டு, தலைமன்னார்க் கப்பல் ரிக்கற் என்று ஏதாவது உங்கள் வீட்டில் தப்பிக் கிடந்தால், 'பழங்கடதாசி' என்று எறிந்துவிடாதீர்கள். இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து கனக்கத் தொலைத்துவிட்டோம். மிஞ்சியதை ஒரு உறையில் போட்டு, அது யாருடையது, எந்த ஆண்டு, என்னத்துக்காக என்று நாலு வரி தமிழில் எழுதி வையுங்கள். வயதானவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதினால் நல்லது. செல்லாக் காசுக்கும் சொல்ல ஒரு கதை உண்டு. அதைக் கேட்டு வைப்பது எங்கட பொறுப்பு.